காமினோ பாதையில் இரவுத் தங்கல்: முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் எல்லையில் இருக்கும் சான் ழான் பியே தெ போர் ஊரில் தொடங்கி ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்பொஸ்தேலா வரை சுமார் 780 கிலோமீட்டர். காமினோ ஃபிரான்செஸ் என்ற இந்தக் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையை முழுதாக நடக்க 30 முதல் 35 நாள் ஆகும். அத்தனை ராத்திரியும் எங்கே படுப்பது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது, எவ்வளவு கொடுப்பது, என்ன செய்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதுதான் இங்கே விஷயம். ஷூ, முழங்கால், நடைப்பயிற்சி பற்றியெல்லாம் இதில் தேடாதீர்கள்.

இந்தப் பாதையில் நடப்பவர்களுக்கென்றே இருக்கும் தங்குமிடத்துக்கு அல்பெர்கே என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்பவர் ஒஸ்பித்தலேரோ. இந்த இரண்டு சொல்லும் அடிக்கடி வரும், பழகிக்கொள்ளுங்கள்.

1. முதலில் இரவுகளைக் குறியுங்கள், தூரத்தை அப்புறம் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் செல்போன் ஆப்பில் இருக்கும் நாள்வாரிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் ஒரு பெரிய ஊரில் தொடங்கி அடுத்த பெரிய ஊரில் முடியும். எல்லோர் கையிலும் அதே பட்டியல்தான். மதியம் சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதாவில் படுக்கைக்கு வரிசை நிற்கும். அங்கிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி கிரான்யோன் கிராமத்தில் பாய் விரித்து வைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள்.

ஆயுசுக்கும் நினைவில் நிற்கும் அல்பெர்கே வீடுகள் பெரும்பாலும் பட்டியல் ஊர்களுக்கு நடுவேதான் இருக்கின்றன. ஆகவே வரைபடத்தை எடுத்து, கட்டாயம் தங்க வேண்டும் என்று நினைக்கும் ஐந்தாறு வீடுகளை முதலில் வட்டமிடுங்கள் (8-ஆம் பகுதியில் என் தேர்வு இருக்கிறது). அங்கிருந்து முன்னும் பின்னும் 20, 25 கிலோமீட்டராக எண்ணிக்கொண்டு வந்தால் மற்ற இரவுகள் தானாக அமைந்துவிடும்.

எல்லா இரவும் அப்படிப்பட்ட வீடாகவே வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிரார்த்தனைக்கு உட்கார்ந்து எழுந்தால் மணி ஒன்பதரை ஆகிவிடும். தொடர்ந்து நான்கு நாள் இப்படிப் போனால் ஐந்தாம் நாள் யாரிடமும் பேசப் பிடிக்காது. நாலைந்து இரவுக்கு ஒன்று போதும். நடுவில் ஒரு நாள் தனி அறை எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு இரவுக்கும் மாற்று இடம் ஒன்று குறித்து வையுங்கள். அது முன்னால் இருக்க வேண்டும், நடந்து வந்த வழியில் இருக்கக் கூடாது. களைத்த காலோடு ஐந்து கிலோமீட்டர் முன்னே போகலாம். வந்த வழியே திரும்பி நடக்க மனசு வராது.

2. அல்பெர்கே வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊராட்சி நடத்துவது முனிசிபல். பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, வந்த வரிசையில்தான் படுக்கை. கட்டணம் குறைவு.

தேவாலயம், மடம், யாத்திரைச் சங்கம் நடத்துபவை இரண்டாம் வகை. இந்த வழிகாட்டியின் உயிரே அவைதான். அவற்றில் பல தொனத்தீவோ, அதாவது கட்டணப் பலகை இருக்காது; நீங்களாகப் பெட்டியில் போடுவதுதான். பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தாங்களும் இதே பாதையை நடந்து முடித்துவிட்டு, பயிற்சி எடுத்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் 15 நாள் தங்கி வேலை செய்கிறார்கள். இன்றைக்கு உங்களை வரவேற்றவர் அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார். ஓட்டல் சிப்பந்தியிடம் கேட்பதுபோல் கேட்டால் அவர்கள் முகம் மாறுவது இதனால்தான்.

தனியார் அல்பெர்கேக்களில் முன்பதிவு உண்டு. சில இடங்களில் படுக்கைக்குத் திரை, தனி விளக்கு, சார்ஜ் போட இடம் எல்லாம் இருக்கும்.

கலீசியா மாநிலத்துக்குள் நுழைந்ததும் மாநில அரசின் அல்பெர்கேக்கள் வரும். 10 யூரோ, முன்பதிவு இல்லை, ஒருமுறை பயன்படுத்தும் தாள் விரிப்பு தருவார்கள். பளபளவென்று சமையலறை இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சட்டி இருக்காது. அரிசி வாங்கிக்கொண்டு வந்து விழித்து நின்றவர்களை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

3. ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

விசா. இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விமானம் பாரிஸில் இறங்கினாலும் அதிக நாள் இருக்கப்போவது ஸ்பெயினில், ஆகவே விண்ணப்பம் ஸ்பெயினுக்குத்தான். பிரான்ஸ் வழியே போகிறோமே என்று பிரான்ஸுக்குப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

சிக்கல் என்னவென்றால், விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள்; நல்ல அல்பெர்கேக்களோ முன்பதிவே எடுப்பதில்லை. பணம் கட்டாமல் ரத்து செய்யக்கூடிய தனியார் அறைகளைப் பாதையில் உள்ள ஊர்களில் எடுத்து, நடைப்பயணத் திட்டத்தை நாள்வாரியாக ஒரு கடிதத்தில் விளக்கி இணையுங்கள். வேண்டாத அறைகளை உரிய நேரத்தில் ரத்து செய்யத் தவறாதீர்கள். சின்ன ஊர்க்காரர் உங்களுக்காக அறையைக் காலியாக வைத்துக் காத்திருப்பார்.

கிரெதென்சியால். முத்திரை குத்துவதற்கான மடிப்பு அட்டை இது. இது இல்லாமல் அல்பெர்கேயில் படுக்கை கிடைக்காது. சான் ழானில் சித்தாதெல் தெருவில் இருக்கும் யாத்ரீகர் அலுவலகத்தில் சில யூரோவுக்கு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதும் ஒரு ஜிப் கவரில் போடுங்கள். வியர்வையில் நனைந்து மை கரைந்துபோன அட்டையை யாரும் தூக்கி எறியமாட்டார்கள் என்றாலும் உங்களுக்கே பார்க்க வருத்தமாக இருக்கும்.

பை. மொத்த எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். தங்கலுக்கு மட்டும் என்ன வேண்டும் என்று சொல்கிறேன்: மெல்லிய ஸ்லீப்பிங் பேக், காதடைப்பான், சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கு, ஆறேழு ஊக்கு, துணி சோப்பு ஒரு கட்டி, உள்ளே போட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

இவற்றோடு ஒரு லுங்கி. இதற்கு ஈடான பொருளை எந்த மலையேற்றக் கடையிலும் விற்கவில்லை. கும்பல் நடுவே உடை மாற்றலாம், கீழ்க் கட்டிலுக்குத் திரையாகத் தொங்கவிடலாம், மெத்தை சந்தேகமாக இருந்தால் மேலே விரிக்கலாம், துவைத்துப் போட்ட துணி காயும்வரை கட்டிக்கொண்டு திரியலாம். துண்டும் ஈரிழைத் துண்டுதான். தேங்காய்ப்பூத் துண்டு நடுவழியில் இருக்கும் மேசெத்தா சமவெளிக்கு வரும்வரை காயாது, பையும் நாறும்.

ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் அல்லது வாய் அகன்ற பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறையில் தாள் மட்டும்தான் இருக்கும். பல இடங்களில் இரவில் அதுவும் தீர்ந்துவிடும்.

4. முதல் இரண்டு மூன்று இரவுக்கு மட்டும் முன்பதிவு

சான் ழானிலிருந்து ரோன்செஸ்வாயெஸ் மடம்வரை பிரனீஸ் மலையைத் தாண்டி சுமார் 25 கிலோமீட்டர். நடுவில் தங்கும் வசதி மிகக் குறைவு. சான் ழானிலிருந்து 8 கிலோமீட்டர் ஏறினால் ஓரிசோன் என்ற மலைத் தங்குமிடம். சீசனில் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அங்கே இடம் கிடைத்தால் முதல் நாளை இரண்டாகப் பிரித்துவிடலாம். முதல் நாளே 25 கிலோமீட்டர் ஏறி இறங்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர் அடுத்த பத்து நாளும் தங்குமிடத்தைக் காலுக்கு ஏற்றாற்போல் தேட வேண்டியிருக்கும்.

மலைவழிப் பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடியிருக்கும். அப்போது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழிதான்.

ரோன்செஸ்வாயெஸ் மடத்து அல்பெர்கேயில் 180-க்கும் மேல் படுக்கைகள் உண்டு. முன்பதிவு செய்யலாம். நெதர்லாந்திலிருந்து வரும் தன்னார்வலர்கள் கடிகாரம்போல் வேலை செய்வார்கள். ஷூவை எங்கே விட வேண்டும், துணியை எந்த நேரத்துக்குள் துவைக்கப் போட வேண்டும் என்று எல்லாம் அங்கே ஒருமுறை சொல்லித் தருவதால், அல்பெர்கே வாழ்க்கைக்கு அது நல்ல முதல் பாடம்.

அதற்கப்புறம் முன்பதிவை நிறுத்திவிடுங்கள். காரணம், மூன்றாம் நாள் உங்கள் கால் எப்படி இருக்கும் என்று இன்று தெரியாது. பத்து நாளுக்கு அறை எடுத்து வைத்தவர் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு அந்த ஊரை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், இல்லாவிட்டால் டாக்சி பிடிப்பார்.

5. வந்து சேர்ந்ததும் எதற்குப் பின் எது

பெரும்பாலான அல்பெர்கேக்கள் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் திறக்கும். முன்பதிவில்லாத இடம் என்றால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேருவதே நல்லது. கதவு சாத்தியிருந்தால் பைகளை வந்த வரிசையில் சுவரோரம் வைத்துவிட்டு உட்காருவது வழக்கம். பையே உங்கள் இடம். நண்பருக்காக இன்னொரு பையை நடுவில் செருகாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் வரிசை இதுதான்.

முதலில் ஷூ. வாசலிலேயே கழற்றி ரேக்கில் வையுங்கள். ஊன்றுகோலை அங்கிருக்கும் வாளியில் போடுங்கள். எல்லார் ஷூவும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்களுடையதில் ஒரு வண்ணக் கயிறு கட்டினால் காலையில் இருட்டில் வேறொருவர் மாட்டிக்கொண்டு போகமாட்டார்.

அடுத்தது பதிவு. பாஸ்போர்ட்டும் கிரெதென்சியாலும் கையில் தயாராக இருக்கட்டும். ராத்திரி சாப்பாடு அங்கேயா என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். சைவமா, முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் இப்போதே சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே பானையில்தான் சமைப்பார்கள். மாலை ஏழு மணிக்குச் சொன்னால் உங்களுக்கு ரொட்டியும் தக்காளியும்தான் மிஞ்சும்.

மூன்றாவது படுக்கை. மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. சத்தம் போடாமல் ஒஸ்பித்தலேரோவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் கோபிக்க மாட்டார், உண்மையில் நன்றி சொல்வார். பையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டில்மேல் வைக்கக் கூடாது. மூட்டைப்பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பைகளில்தான். கட்டிலில் பை வைப்பவரைப் பார்த்தால் பழைய ஆட்கள் பதறுவது இதனால்தான்.

கீழ்க் கட்டில் கிடைத்து, பின்னால் வருபவர் வயதானவரோ கால் அடிபட்டவரோ என்றால் விட்டுக்கொடுத்துவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காவது குளியல், கையோடு துணி துவைத்தல். இரண்டையும் பிரிக்காதீர்கள். மதியம் மூன்று மணி வெயிலில் போட்ட துணி ஏழுக்குள் காயும். ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஐந்து மணிக்குத் துவைத்தால் மறுநாள் ஈரச் சாக்ஸைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஈர சாக்ஸைப் போட்டு நடந்தால் கொப்புளம் நிச்சயம். சுடுதண்ணீர் தொட்டி சின்னது, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

பெண்கள் கவனத்துக்கு: படுக்கை அறை பெரும்பாலும் ஆண் பெண் எல்லாருக்கும் ஒன்றுதான், சில இடங்களில் குளியலறையும் பொது. மாற்றுத் துணியைக் குளியலறைக்குள்ளேயே எடுத்துப்போய் உடுத்திக்கொண்டு வருவதுதான் வசதி. மறுநாள் நடக்கிற உடையிலேயே படுத்துவிடுபவர்கள் நிறைய. ஸ்பெயினில் எந்த அவசரத்துக்கும் 112.

ஐந்தாவது கடை. சின்ன ஊர்களில் மதியம் இரண்டு முதல் ஐந்துவரை எல்லாம் மூடிக் கிடக்கும். ஞாயிறு பல கடைகள் திறப்பதே இல்லை. சனிக்கிழமையே ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு படுங்கள், எழுதுங்கள், தேவாலயத்தைப் பாருங்கள்.

6. ராத்திரிச் சாப்பாடு

உணவகங்களில் நாட்டு வழக்கப்படி இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான். அல்பெர்கே கதவோ பத்து மணிக்கு அடைத்துவிடும். யாத்ரீகர் மெனு என்று தனியாக ஏழு மணிக்குக் கொடுக்கும் இடத்தைத் தேடுங்கள், 15 யூரோ அளவில் மூன்று சுற்றுச் சாப்பாடு கிடைக்கும்.

சைவக்காரர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சாலட் என்றால் மேலே டூனா மீன் இருக்கும். பருப்புச் சூப் என்றால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றித்தொடை வேண்டாம். முட்டை சாப்பிடுபவருக்குக் கவலை இல்லை. உருளைக்கிழங்கு தொர்த்தியா என்ற முட்டை அடை எந்த மதுக்கடையிலும் காலையிலிருந்தே கிடைக்கும்.

சேர்ந்து சமைக்கும் வீடுகளில் வெறுங்கையோடு சமையலறைக்குள் போய் நில்லுங்கள், வேலை தருவார்கள். வெங்காயம் நறுக்குவது, மேசை போடுவது, கடைசியில் பாத்திரம் கழுவுவது. மொழி தெரியாதவருக்கு வெங்காயத்தைவிட நல்ல துணை இல்லை. பக்கத்தில் நறுக்குபவரோடு அரை மணியில் சிநேகம் ஆகிவிடும்.

சில இரவுகளில் நீங்களே ஒன்று செய்து போடலாம். கண்ணாடி ஜாடியில் வெந்த கொண்டைக்கடலை எந்தக் கடையிலும் உண்டு. தண்ணீரை வடித்து, எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் புரட்டி எலுமிச்சை பிழிந்தால் பத்து நிமிடத்தில் சுண்டல். கடுகும் மிளகாயும் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அடங்கும். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள், பிறகு அதையும் பாதியாக்குங்கள். பெருங்காயம் எடுத்துப்போக வேண்டாம். ஸ்லீப்பிங் பேக் வரை மணக்கும், பக்கத்துக் கட்டில்காரர் காரணம் தெரியாமல் தவிப்பார்.

7. உண்டியலில் எவ்வளவு

நம் ஆட்கள் தடுமாறும் இடம் இதுதான். பழனி பாதயாத்திரையில் வழியெங்கும் அன்னதானப் பந்தல் பார்த்தவர்களுக்கு, கட்டணம் இல்லை என்றதும் யாரோ புண்ணியவான் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்று தோன்றும். தொனத்தீவோ அப்படி நடப்பதில்லை. பின்னால் பெரிய உபயதாரர் யாரும் கிடையாது. நேற்றுப் படுத்தவர்கள் பெட்டியில் போட்ட காசில்தான் இன்றைய உங்கள் சாப்பாட்டுக்குப் பருப்பும் ரொட்டியும் வாங்கியிருப்பார்கள். நீங்கள் போடுவது நாளை வருபவருக்கு.

என் கணக்கு எளிது: படுக்கைக்கு மட்டும் என்றால் பக்கத்து ஊர் முனிசிபலில் என்ன வாங்குகிறார்களோ அதற்குக் குறையாமல், சாப்பாடும் காலை உணவும் சேர்ந்தால் 20 யூரோ. கையில் நிஜமாகவே இல்லையென்றால் குறைத்துப் போடுங்கள், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த வழக்கம் இருப்பதே அப்படிப்பட்டவருக்காக. வசதி இருந்தும் இரண்டு யூரோ நாணயத்தைச் சத்தம் வர உள்ளே போடுபவர்களால்தான் பல வீடுகள் கட்டணப் பலகை மாட்டிவிட்டன.

மறுநாள் காலை இருட்டில் கிளம்பும் அவசரத்தில் மறந்துபோகும். முந்தின இரவே போட்டுவிடுங்கள். இருபது யூரோவுக்கு மேற்பட்ட நோட்டைச் சில்லறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் சங்கடம் வராமல், பெரிய ஊர்களிலேயே சின்ன நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

8. தேடிப் போய்த் தங்க வேண்டிய வீடுகள்

கிழக்கிலிருந்து மேற்காக, நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கிரான்யோன். புனித அருளப்பர் தேவாலயத்தின் மணிக்கூண்டோடு ஒட்டிய பழைய கட்டடம். குறுகலான கல் படி ஏறிப் போக வேண்டும். கட்டில் கிடையாது, மரத் தரையில் மெல்லிய பாய் மெத்தை. ஆள் அதிகமானால் இன்னும் நெருக்கிப் போடுவார்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்புவதை அவர்கள் விரும்புவதில்லை. காணிக்கைப் பெட்டி திறந்தே இருக்கும். முடிந்ததைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள் என்று அதில் எழுதியிருக்கும். எடுத்துக்கொள் என்பதையும் நிஜமாகவே சொல்கிறார்கள். நாஹெராவிலிருந்து 28 கிலோமீட்டர், ஆகவே அன்று விடியும்போதே கிளம்புங்கள்.

தோசாந்தோஸ். கிரான்யோனிலிருந்து 21 கிலோமீட்டர், பெலொராதோவைத் தாண்டி 5. இங்கேயும் தரையில் மெத்தை, சேர்ந்து சாப்பாடு, பிறகு பிரார்த்தனை. ஊருக்கு எதிரே மலைப்பாறையைக் குடைந்த சின்னக் கோவில் தெரியும். கிரான்யோனுக்கு மறுநாளே இங்கே என்றால் இரண்டு இரவும் தரைப்படுக்கை ஆகிவிடும். முதுகுவலிக்காரர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது உத்தமம். நான் கிரான்யோனைத்தான் சொல்வேன்.

சான் அந்தோன், சான் நிக்கோலாஸ். புர்கோஸைத் தாண்டிய பிறகு இரண்டும் 13 கிலோமீட்டர் இடைவெளியில் வரும். கஸ்த்ரோஹெரிஸ் ஊருக்கு மூன்றரை கிலோமீட்டர் முன்னால் சான் அந்தோன்: இடிந்த மடம், சாலைக்கு மேலேயே கமான் வளைவு, அந்த இடிபாட்டுக்குள் ஒரு டஜன் படுக்கை. மின்சாரம் இல்லை, சுடுதண்ணீர் இல்லை. ராத்திரி கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்ப்பதற்காகவே அங்கே தங்குகிறார்கள்.

கஸ்த்ரோஹெரிஸிலிருந்து மொஸ்தெலாரெஸ் மேட்டை ஏறி இறங்கினால், பிசுவேர்கா ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன் சான் நிக்கோலாஸ். இத்தாலியின் பெருஜியா நகரத்து யாத்ரீகர் சங்கத்தார் நடத்துகிறார்கள். நீளமான ஒற்றைக் கல் மண்டபம். ஒரு பக்கம் பீடம், நடுவில் மேசை, மறு பக்கம் கட்டில்கள். சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் பீடத்தின் அருகே அரைவட்டமாக உட்கார வைப்பார்கள். தோளில் சிப்பி தைத்த சிறு போர்வை போட்டுக்கொண்டு ஒருவர் தாம்பாளத்தைப் பிடிக்க, இன்னொருவர் உங்கள் ஒரு காலில் குவளையால் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். சாப்பாடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.

நம்மவர்கள் இங்கே காலை இழுத்துக்கொள்வார்கள். அறுபது எழுபது வயதுப் பெரியவர் நம் காலைத் தொடுவதா என்ற கூச்சம். இழுக்காதீர்கள், அவருக்கு அது அவமதிப்பாகப் படும். கொப்புளமும் பிளாஸ்டரும் இருந்தால் மற்றக் காலை நீட்டலாம். வேண்டவே வேண்டாம் என்றால் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிடுங்கள், வற்புறுத்த மாட்டார்கள். எந்த மதம் என்று கேட்கவும் மாட்டார்கள்.

இரண்டு வீடும் வெயில் காலத்தில் மட்டும் திறக்கும், இரண்டிலும் படுக்கை குறைவு. ஆகவே கிடைத்தால் லாபம் என்று போங்கள். சான் அந்தோன் நிரம்பியிருந்தால் கஸ்த்ரோஹெரிஸ். சான் நிக்கோலாஸ் நிரம்பியிருந்தால் ஆற்றைத் தாண்டி இதேரோ தே லா வேகா, இரண்டு கிலோமீட்டருக்குள். மின்சாரம் இல்லாத இடத்துக்குப் போகும் நாளில் போனையும் பவர் பேங்கையும் முந்தின இரவே ஏற்றிவிடுங்கள்.

காரியோன் தே லோஸ் கோந்தேஸ். சாந்தா மரியா தேவாலயத்தை ஒட்டிய அல்பெர்கேயில் அகுஸ்தீனியச் சகோதரிகள் கிட்டார் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவரும் எந்த ஊர், ஏன் நடக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும், தங்கள் மொழியில் ஒரு பாட்டும் பாட வேண்டும். இரண்டு வரி தெரிந்த பாட்டு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். மாலை வழிபாட்டில் ஆசீர்வதித்து, வழித்துணைக்கென்று வண்ணத் தாளில் செய்த நட்சத்திரம் தருவார்கள். காரியோனைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஊர் கிடையாது. தண்ணீரும் ரொட்டியும் அன்று மாலையே வாங்கிவிடுங்கள்.

பெர்சியானோஸ் தெல் ரியால் காமினோ. மண்சுவர் எழுப்பிய பழைய பாதிரியார் வீடு. காரியோனிலிருந்து தெரதீயோஸ் ஊருக்கு 26 கிலோமீட்டர், அங்கிருந்து இது 23. சமவெளியில் சூரியன் இறங்குவதை எல்லாருமாகப் போய்ப் பார்ப்பது இந்த வீட்டின் வழக்கம்.

ரபனால் தெல் காமினோ. அஸ்தோர்காவிலிருந்து 20 கிலோமீட்டர். கௌசெல்மோ என்ற அல்பெர்கேயை லண்டனைச் சேர்ந்த புனித யாக்கோபு சங்கம் 1991 முதல் உள்ளூர்ச் சங்கத்தோடு சேர்ந்து நடத்துகிறது. ஆங்கிலேயர்கள் என்பதால் மாலையில் தேநீர் உண்டு, பாலோடு. எதிரே சின்னத் தேவாலயத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் மாலையில் கிரிகோரியன் இசையில் வழிபடுவார்கள். நேரத்தைக் கதவில் பார்த்துவிட்டு, கால் மணி முன்னால் போய் உட்காருங்கள், இடம் சின்னது.

இன்னொன்று. சுமையை வண்டியில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடப்பவர்களை இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் சேர்த்துக்கொள்வதில்லை. பை அனுப்பும் நாளில் தனியார் அல்பெர்கேயில் தங்குங்கள்.

9. விளக்கணைத்த பிறகும் விடியும் முன்பும்

பத்து மணிக்கு விளக்கு அணையும், காலை எட்டுக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டாம் இரவு அனுமதிக்க மாட்டார்கள். நோய் என்றால் மட்டும் விதிவிலக்கு.

மறுநாளுக்கான பையை ஒன்பது மணிக்கே கட்டிவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம்தான் அல்பெர்கேயில் அதிகம் சபிக்கப்படுவது. குறட்டைக்கு இரண்டாம் இடம்தான். கிளம்பும்போது சாமானை அப்படியே அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, அங்கே ஷூ போட்டு, அங்கே பையை மூடுங்கள். அலாரம் வேண்டாம், வைத்தால் அதிர்வில் வையுங்கள்.

மூட்டைப்பூச்சி கடித்துவிட்டால், வரிசையாக மூன்று நாலு தடிப்பு இருக்கும், மறைக்காதீர்கள். அடுத்த அல்பெர்கே வாசலிலேயே சொல்லுங்கள். எல்லாத் துணியையும் 60 டிகிரியில் துவைத்து, சூடான உலர்த்தியில் போட்டால்தான் தீரும். பையை வெயிலில் கறுப்புக் கவரில் கட்டிப் போடுவார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த கட்டில்காரருக்கும் போகும்.

10. சாரியாவிலிருந்து கணக்கே வேறு

சாந்தியாகோவில் தரும் கொம்பொஸ்தேலா சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும். அதனால் அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சாரியா ஊரிலிருந்து தொடங்குபவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்வார்கள். 2024-இல் எல்லாப் பாதைகளையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் அந்தச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். புனித யாக்கோபு திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் 2027 புனித ஆண்டு. அந்த வருடம் நெரிசல் இன்னும் கூடும்.

இதுவரை முன்பதிவு வேண்டாம் என்றேன். சாரியாவுக்குப் பிறகு செய்துகொள்ளுங்கள், முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில். அரசு அல்பெர்கேயை நம்பிப் போவதானால் பட்டியல் ஊர்களைத் தவிர்த்து நடுவிலுள்ள சிற்றூரில் நில்லுங்கள். முத்திரையும் இங்கே நாளுக்கு இரண்டு வேண்டும்: ஒன்று படுக்கும் இடத்தில், மற்றது வழியில் தேநீர் குடிக்கும் கடையிலோ தேவாலயத்திலோ. முந்தின 600-க்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கும் ஒன்று ஒன்றாகவே வாங்கிப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி இரவுக்கு மோந்தே தோ கோசோ குன்று. நகருக்கு 5 கிலோமீட்டர் முன்னால், நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ள அரசு அல்பெர்கே இருக்கிறது, நெரிசல் காலத்திலும் இடம் கிடைக்கும். அழகென்று எதுவும் கிடையாது. ஆனால் அங்கே படுத்தால் விடியற்காலையில் ஒரு மணி நேரத்தில் நகருக்குள் நுழைந்து, யாத்ரீகர் அலுவலகம் திறக்கும் முன் வாசலில் நிற்கலாம். அன்றைய முதல் பத்துப் பேருக்கு, ஒரு காலத்தில் மன்னர் கட்டிய யாத்ரீகர் மருத்துவமனையாக இருந்து இப்போது சொகுசு ஓட்டலாகிவிட்ட கதீட்ரல் சதுக்கத்துக் கட்டடத்தில் இலவசச் சாப்பாட்டுச் சீட்டு தரும் வழக்கம் இருக்கிறது. வேண்டுமென்றால் நாலரைக்கே எழுந்திருங்கள். கிளம்பும்போது பிளாஸ்டிக் கவர் மட்டும் சரசரக்க வேண்டாம்.